முன்னால் ஒரு குழி காலி

வளைகுடாவில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "கோல்ஃப் மைதானத்தில் மேற்பார்வை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் பாறசாலைச் சந்தையில் யாரும் நம்புவதில்லை. மெதுவாக ஆடுகிறவர்களிடம் போய், நீங்கள் மெதுவாக ஆடுகிறீர்கள் என்பதை அவர்கள் மனம் கோணாமல் தெரியப்படுத்துவதுதான் என் வேலை. பன்னிரண்டு வருடம் அதைச் செய்தேன். அதற்கு முன் ஏழு வருடம் அதே மைதானத்தில் புல் வெட்டினேன்.

கோல்ஃபில் நான்கு பேர் ஒரு கூட்டமாகக் கிளம்புவார்கள். பத்து நிமிடம் கழித்து அடுத்த கூட்டம். இப்படிக் காலையிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பந்தை அடித்து, நடந்து, திரும்ப அடித்து, முடிந்தவரை குறைந்த அடியில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் விழவைக்க வேண்டும். பிறகு அடுத்த குழிக்கு. மொத்தம் பதினெட்டு. இதில் ஒரு கூட்டம் நின்றுவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் ரயில்வே கேட் அடைத்தால் இரண்டு பக்கமும் ஆட்டோவும் பஸ்ஸும் நிற்குமே, அதே கதைதான். ஒரே வித்தியாசம், கேட்டைத் திறக்கச் சொல்லி யாரும் ஹாரன் அடிக்க முடியாது. அது மரியாதை இல்லை. அதற்குத்தான் மார்ஷல் என்று ஒருவர். சிறிய பேட்டரி வண்டியில் ஒரு கொடியைக் கட்டிக்கொண்டு நான் சுற்றிவருவேன்.

முதல் நாள் மேனேஜர் எனக்குச் சொல்லித்தந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு கூட்டத்தின் இடம் பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் அல்ல, முன்னால் போகிறவர்களுக்குப் பின்னால். அதாவது, பின்னால் யாரும் இல்லையே என்று சமாதானம் சொல்லக் கூடாது. முன்னால் போன கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றதையெல்லாம் நானாகவே படித்துக்கொண்டேன். "மெதுவாக" என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாது. "முன்னால் ஒரு குழி காலியாக இருக்கிறது, சார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஒரு முறை அப்படிச் சொன்னபோது ஒரு பெரிய மனிதர், "நான் அவசரப்படுவதற்காக இங்கே வரவில்லை" என்றார். "பின்னால் நிற்பவர்களும் காத்துக்கிடப்பதற்காக வரவில்லை, சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் புகார் கொடுத்தார். மேனேஜர் என் நேரக் குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரி, வாய்தான் தப்பு" என்றார். அதற்குப் பிறகு தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதோடு சரி. பெரும்பாலும் அதுவே போதும்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில், ஆமாம், நான் மெதுவாகத்தான் ஆடுகிறேன் என்று ஒரே ஒரு ஆள்கூட ஒப்புக்கொண்டதில்லை. முன்னால் போகிற கூட்டம் சரியில்லை, காற்று சரியில்லை, கூட வந்த நண்பர் பந்தைத் தொலைத்துவிட்டார். எப்போதும் வேறு யாரோதான் காரணம். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். அறைக்குத் திரும்பியதும் கூட இருப்பவர்களிடம் அவர்களைப் போல நடித்துக் காட்டுவேன்.

நான் ஊருக்குத் திரும்பியதும் என் மனைவி பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரே வருடத்தில். அவள் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவள். முதல் சில மாதங்கள் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் முழு நாளும் இருப்பதைப் பழகிக்கொண்டிருந்தோம். வருடத்துக்கு ஒரு மாத விடுமுறையாக வாழ்ந்த கல்யாணம் அது. காலையில் தேங்காய் துருவும்போது பின்னால் நின்றுகொண்டு, அடுப்பை முதலில் பற்றவைத்துவிட்டுத் துருவினால் நேரம் மிச்சமாகுமே என்று நான் சொன்னதை அவள் இன்னும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

அவளுடைய அண்ணன் அம்பூரியில் இருக்கிறார். மனைவியின் அண்ணனை எங்கள் பக்கம் அளியன் என்போம். அவரும் என்னை அளியன் என்றே கூப்பிடுவார். அந்த வருடம் அவருடைய ரப்பர் மரங்களுக்கு வயதாகி, எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். உடனே புதுத் தை, அதாவது கன்று, வைக்கவில்லை. மண் கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும் என்று விட்டிருந்தார். முதல் மழைக்குப் பிறகு நான் அங்கே போனபோது மலைச்சரிவு முழுக்கப் புல். ரப்பருக்காக வெட்டிய தட்டுகள் படிகள் போல இறங்கின. மேலே இரண்டு பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பின்னால் மலை, அதன் மேல் மேகம். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அளியா, இதில ஆறு குழி எடுக்கலாம்" என்றேன்.

"எதுக்கு, தென்னம்பிள்ளை வைக்கதுக்கா?" என்றார் அவர்.

விளக்கியபோது சிரித்தார். சிரித்துவிட்டு மண்வெட்டி எடுத்துவந்தார். அவர் அப்படித்தான். நாலு இஞ்ச் பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி ஆறு இடத்தில் புதைத்தோம். கோல்ஃப் குழிக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு அது கிட்டத்தட்ட சரியாக இருந்தது. குழியைச் சுற்றி வட்டமாகப் புல்லை ஒட்ட வெட்டினோம். மூங்கிலில் சிவப்புத் துணி கட்டிக் கொடி. வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுக்கத்தான் ஒரு மாதம் ஆனது. வளைகுடா மைதானத்தில் உறுப்பினர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன மட்டைகளில் இரண்டு பை எனக்குக் கிடைத்திருந்தன. அவற்றோடு ஒரு சாக்கு பழைய பந்தும் சேர்த்துக் கப்பலில் அனுப்பியிருந்தேன். அது பயன்படும் என்று நானே நினைத்ததில்லை.

முதலில் நானும் அளியனும். பிறகு என் மனைவி. நெய்யாற்றின்கரை தாண்டி இருக்கும் சபை ஒன்றில் போதகராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நான்காவது ஆள். நாங்கள் அச்சன் என்று கூப்பிடுவோம். என் மனைவியின் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பரிசு கொடுக்க வந்து பழக்கமானவர். சனிக்கிழமை காலை என் காரில் அவரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளறடை வழியாக ஏழு மணிக்குள் அம்பூரி போய்விடுவோம். பத்து மணிக்குள் இரண்டு சுற்று முடித்துவிட்டு, அளியன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுத் திரும்புவோம்.

என் மனைவி இதற்கு முன் எந்த மட்டையும் பிடித்தவள் இல்லை. முதல் நாள் பந்தின் முன் நின்று, "எங்க போகணும்?" என்று கேட்டாள். கொடியைக் காட்டினேன். ஓங்கி அடித்தாள். பந்து முப்பது அடி உருண்டு பசுவின் காலடியில் நின்றது. பசுவும் நகரவில்லை, அவளும் கலங்கவில்லை. போய்ப் பசுவின் முதுகில் ஒரு தட்டு தட்டி நகர்த்திவிட்டு அடுத்த அடியை அடித்தாள்.

விஷயம் பரவியது. பூவாரில் விருந்தினர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் ஒருவர், அவரும் சில வருடம் வளைகுடாவில் இருந்தவர், மூன்று நண்பர்களோடு வந்தார். காரோட்டிலிருந்து இன்னொரு நான்கு பேர். எட்டு மாதத்தில் சனிக்கிழமைக்கு மூன்று கூட்டம் என்றாகிவிட்டது. எனக்குள் இருந்த மார்ஷல் எழுந்து உட்கார்ந்தார்.

தோட்டத்து ஷெட்டின் சுவரில் ஒரு பலகை மாட்டினேன். தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம், முறை பார்க்க வேண்டாம். தொலைந்த பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது. குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அடி எண்ணிக்கை எழுதக் கூடாது, நகர்ந்து போய் எழுத வேண்டும். ஒரு அடிக்கு நாற்பது விநாடி. பின்னால் வருகிறவர்கள் காத்து நின்றால் அவர்களுக்கு வழி விட வேண்டும். என் மனைவி அதைப் படித்துவிட்டு இரண்டு எழுத்துப் பிழைகளைச் சாக்பீஸால் திருத்தினாள்.

படகுக்காரர் கூட்டம் வேகமான கூட்டம். நாங்கள் எப்போதும் அவர்களுக்கு முன்னால் கிளம்புவோம். இரண்டாவது குழி வரும்போதே அவர்கள் எங்கள் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். எனக்கு முதுகில் வெயில் அடித்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். பிறகு என் மனைவியைப் பார்ப்பேன். அவளுக்கு வலது முழங்காலில் வலி. சரிவில் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்பாள். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு இறங்கும்போது மட்டையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலை வைத்து, மறு காலை எடுத்து. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"முன்னால ஒரு குழி காலி" என்பேன்.

அவள் மறு காலை எடுத்துக் கீழ்த்தட்டில் வைப்பாள்.

"கொஞ்சம் வேகம் வரலாமே. அவங்க நிக்கிறாங்க பாரு."

"வாறேன்" என்பாள்.

வளைகுடாவில் யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தையை அவளிடம் சொன்னேன். மெதுவாக ஆடுகிறாய் என்று. ஒரு முறை இல்லை. அளியன் ஒரு நாள், "அவளுக்கு காலு வேதனை உண்டு அளியா, பைய வரட்டும்" என்றார். "அதுக்காக மத்தவங்க நிக்கணுமா?" என்று கேட்டேன். நியாயம் என் பக்கம் இருப்பதாக நான் நம்பினேன்.

கடந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அளியனின் மகள் எங்களோடு வந்திருந்தாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு மாத விடுமுறையில் வந்தவள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வீடியோ எடுத்துக்கொண்டே கூட நடந்தாள். அங்கே இருக்கிற தோழிகளுக்குக் காட்ட வேண்டுமாம், அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் கோல்ஃப் ஆடுவதை. மூன்றாவது குழியில் நாங்கள் நிற்கும்போது படகுக்காரர் மேல் தட்டிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, ஒண்ணும் நினைக்கண்டாம். எங்கள ஒண்ணு கடத்தி விடுவியளா? பதினொரு மணிக்கு எனக்கு படகில ஆளு உண்டு."

பன்னிரண்டு வருடத்தில் நான் எத்தனையோ கூட்டத்தை ஓரமாக நிற்கவைத்துப் பின்னால் வந்தவர்களை அனுப்பியிருக்கிறேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அதுக்கென்ன, போங்க" என்றேன். முகம் சூடாகிவிட்டது. நான்கு பேரும் எங்களைத் தாண்டி மளமளவென்று அடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் தாங்க்ஸ் சொன்னார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வரும்போது காரில் அச்சன் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் தூங்குகிறார் என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொன்னேன்: "நான் எழுதின பலகைய எனக்கே காட்டுத மாதிரி ஆயிப்போச்சு. உனக்கு முடியலன்னா நீ ஷெட்டில இருந்து பாக்கலாமே. ஒருத்தருக்காக எத்தன பேரு நிக்கது?"

அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளறடை தாண்டியதும், "செரி, அடுத்த சனிக்கிழம நான் வரல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு குழந்தை சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவாளே, அந்தக் குரல். அச்சன் கண்ணைத் திறக்கவே இல்லை.

சொன்னபடி அடுத்த வாரம் அவள் வரவில்லை. நாங்கள் மூன்று பேர். நான்கு பேர் மூன்று பேரானால், அதுவும் மெதுவான ஆள் குறைந்தால், ஆட்டம் பறக்க வேண்டும். முதல் குழி முடித்தேன், திரும்பிப் பார்த்தேன். படகுக்காரர் கூட்டம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது குழி. அதே போல். மூன்றாவது குழியில் நானே கையை அசைத்து அவர்களைக் கடந்து போகச் சொன்னேன். என் மனசுக்குள் அளியன் மேல் சந்தேகம் வந்தது. அவர் பந்தைத் தேடும்போது பசுவுக்குப் புல் பறித்துப் போட்டுக்கொண்டே தேடுகிற ஆள். அச்சனுக்கும் வயது எழுபதுக்கு மேல். இவர்கள்தான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அன்று கிழங்கும் கறியும் வருவதற்காகக் காத்திருக்கும்போது அளியனின் மகள் போனை எடுத்து வந்தாள். இரண்டு சனிக்கிழமையும் எடுத்த வீடியோவையெல்லாம் டிவியில் இணைத்துப் போட்டாள். முதலில் அளியன். வந்தார், அடித்தார், பந்து காட்டுக்குள் போனது. "சே" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அச்சன். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து அடித்தார். "ஜெபம் பண்ணினீங்களா?" என்று கேட்டேன். "இல்ல, வெளிச்சம் கண்ணில அடிச்சு" என்றார். பிறகு நான் வந்தேன்.

நான் பந்துக்குப் பின்னால் போய் நின்றேன். கொடியைப் பார்த்தேன். கொஞ்சம் புல்லைப் பிய்த்துக் காற்றில் விட்டேன். அது எந்தப் பக்கமும் போகாமல் நேராகக் கீழே விழுந்தது. பைக்குப் போய் மட்டையை மாற்றினேன். திரும்பி வந்து பழைய மட்டையே சரி என்று மறுபடி மாற்றினேன். பந்துக்குப் பக்கத்தில் நின்று காற்றில் ஒரு வீச்சு வீசிப் பார்த்தேன். இரண்டாவது வீச்சு. பின்னால் நகர்ந்து இன்னொரு முறை கொடியைப் பார்த்தேன். மூன்றாவது வீச்சு. காலை வைத்தேன். காலை எடுத்தேன். காலுறையைச் சரிசெய்தேன். வீடியோவில் ஓரமாக அளியன் ஒரு வேர்க்கட்டையில் உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சிரிப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது, அதைத் தாண்டி வீடியோ போய்க்கொண்டிருந்தது. அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. டிவியில் நான் இன்னும் அடிக்கவில்லை.

"எனக்க பிரசங்கம் இதவிட சின்னதாக்கும்" என்றார் அச்சன்.

கடைசியில் அடித்தேன். அடித்துவிட்டு அப்படியே நின்றேன். பந்து எங்கே போய் விழுகிறது, எப்படி உருளுகிறது, எங்கே நிற்கிறது என்று மட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே பார்த்தேன். பெரிய மைதானத்தில் பெரிய மனிதர்கள் நிற்பார்களே, அதே நிற்பு. அறையில் நான் நடித்துக்காட்டிச் சிரிக்கவைத்த அதே நிற்பு. எப்போது அது என் உடம்புக்குள் போனது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆடத் தெரிந்தவன் இப்படித்தான் ஆடுவான் என்று என் உடம்பு நம்பியிருக்கிறது போல.

"எவ்வளவு நேரம் மக்கா?" என்று அளியனின் மகளிடம் கேட்டேன்.

அவள் தயங்கினாள். "ஒண்ணே முக்கால் நிமிஷம் மாமா. ஒரு அடிக்கு."

"அத்தைக்க வீடியோ உண்டா?"

"போன சனிக்கிழம எடுத்தது உண்டு."

போட்டாள். என் மனைவி சரிவில் மட்டையை ஊன்றி இறங்கி வருகிறாள். பந்துக்குப் பக்கத்தில் வருகிறாள். ஒரு தடவை கொடியைப் பார்க்கிறாள். அடிக்கிறாள். பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டாள். மொத்தம் பதினெட்டு விநாடி. அவள் நடப்பது மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் எல்லோரும் நிற்கும்போது அவள் நடந்துகொண்டிருந்தாள். நான் மட்டையை மாற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் நடந்திருக்கிறாள். நான் அடித்து முடிக்கும்போது அவள் தன் பந்துக்குப் பக்கத்தில் போய் எனக்காகக் காத்து நின்றிருக்கிறாள்.

அளியன் டிவியை அணைத்தார். "கறி ஆறுது, வாங்க" என்றார். அவர் வேறு ஒன்றும் சொல்லாதது அன்று எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அச்சனை அவர் வீட்டில் இறக்கிவிட்டபோது, கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து, "போன உடனே சொல்லிடணும். சாயந்தரம் பாத்துக்கலாம்னு வைக்கப்படாது" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் முற்றத்தில் பாக்குகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மெதுவா ஆடுதது நானாக்கும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பதான் தெரிஞ்சுதா?"

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். முப்பது பிள்ளைகள வரிசையில கொண்டு போனவளாக்கும் நான். வரிசை எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சொல்லல்ல?"

அவள் பாக்குகளைக் கையால் நிரவினாள். "நீங்க அந்த மூணு வீச்சு வீசும்போ உங்க முகம் நல்லாயிருக்கும். அங்க பத்தொம்பது வருஷம் அடுத்தவங்க ஆடுதத பாத்துட்டு நின்னீங்க. இப்ப ஆடுதீங்க. ஆடட்டும்னு நினைச்சேன்."

காலடியில் உருண்டு கிடந்த ஒரு பாக்கை எடுத்து அவள் பக்கம் போட்டேன்.

"ஆனா ஷெட்டில போய் இருன்னு சொன்னீங்க பாத்தீங்களா," என்றாள், "அது வேண்டியிருந்தில்ல."

"தப்புத்தான். நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது."

"ம்" என்றாள். அப்புறம், "செருப்ப கழத்திட்டு வாங்க, இந்த மூட்டைய தூக்கிட்டு வரணும்" என்றாள். மூட்டையைத் தூக்கி வந்து வைத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து மிச்சப் பாக்கைப் பரப்பினோம். அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். நிபந்தனை எதுவும் போடவில்லை. நானாகத்தான் சொன்னேன், இனி ஒரே ஒரு வீச்சு, புல் பிய்க்க மாட்டேன், மட்டையை ஒரு தடவைதான் எடுப்பேன் என்று. "பலகையில எழுதுங்க" என்றாள்.

சொல்வது சுலபம். அடுத்த சனிக்கிழமை முதல் குழியில் நின்றபோது என் கை தானாகப் புல்லுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். ஒரு வீச்சு வீசியதும் உடம்பு இன்னொன்று கேட்டது. சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்ட மாதிரி இருந்தது. அடித்தேன். பந்து போனது. நான் நிற்பதற்குள் என் மனைவி பக்கத்தில் வந்து, "நடங்க" என்றாள். நடந்தேன்.

முதல் இரண்டு வாரம் மோசமாக ஆடினேன். மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தபோது பழைய எண்ணிக்கைதான் வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மூன்று வீச்சும் புல்லும் மட்டை மாற்றமும் இத்தனை நாள் எனக்கு ஒரு அடிகூட மிச்சம் பிடித்துத் தரவில்லை என்பது கொஞ்சம் வருத்தமாகவும் அதைவிட அதிகமாக நிம்மதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவளோடு சேர்ந்து நடக்கப் பழகினேன். அவள் முழங்கால் இறங்கும் வேகத்துக்கு நானும் இறங்குவேன். அப்படி நடந்தும்கூட நாங்கள் யாரையும் காக்கவைக்கவில்லை. நடக்கும்போது பேசுவோம். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த எத்தனையோ விஷயம் எனக்குத் தெரியாது. நான் விடுமுறைக்கு வரும் மாதத்தில் அவளுக்கும் விடுமுறையாக இருக்கும், பள்ளிக்கூடப் பேச்சே வந்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் கூரையிலிருந்து ஓடு விழுந்து, முதல் வகுப்புப் பிள்ளைகளைச் சத்துணவு அறையில் ஒரு மாதம் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதை நான்காவது குழிக்கும் ஐந்தாவது குழிக்கும் நடுவில்தான் கேட்டேன்.

படகுக்காரர் கூட்டம் இப்போதும் எங்களைவிட வேகம்தான். அவர்களுக்கு வயது நாற்பது. சில சனிக்கிழமை அவர்கள் நெருங்கி வருவது தெரிந்ததும் நாங்களே ஒதுங்கி ஒரு தட்டில் உட்கார்ந்துவிடுவோம். என் மனைவி கையை அசைப்பாள். அவர்கள் அடித்துவிட்டுப் போவதைப் பார்ப்பது எனக்கு இப்போது பிடித்திருக்கிறது. ஒரு நாள் படகுக்காரர் எங்களைத் தாண்டும்போது நின்று, "அண்ணா, இப்ப நல்ல வேகம் ஆயிட்டியளே, எப்படி?" என்று கேட்டார்.

"வீட்டில நல்ல மார்ஷல் உண்டு" என்று சொன்னார் அளியன். என் மனைவி அவரை முறைத்தாள்.

போன மாதம் காரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். முதல் நாளே இரண்டாவது குழியில் பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருந்தார். மூன்று நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. அவருடைய கூட்டத்தில் மற்ற மூன்று பேரும் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள். நாங்கள் பின்னால் இருந்தோம். வாய்வரை அந்தப் பழைய வாக்கியம் வந்தது. நானும் அவளும் கீழே இறங்கிப் போய் அவரோடு சேர்ந்து தேடினோம். என் மனைவிதான் கண்டுபிடித்தாள், மழைநீர் தேங்க வெட்டிய ஒரு பழைய குழிக்குள். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். "நீங்க முன்னால போங்க, எனக்கு கொஞ்சம் தாமசம் உண்டு" என்று அவராகவே சொன்னார். பன்னிரண்டு வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார் என்று நான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

வருகிற மழைக்கு அளியன் மேல் சரிவில் ரப்பர் தை வைக்கப் போகிறார். சாப்பாட்டின் நடுவில் அதைச் சொல்லும்போது அவருக்குத்தான் சங்கடம். மேலே இருக்கிற மூன்று குழியும் போய்விடும். கீழே இருக்கிற மூன்றும் பசுவுக்குப் புல்லாக அப்படியே இருக்கும் என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி, "மேல உள்ளதுதானே எனக்கு ஏற கஷ்டம். போகட்டும்" என்றாள். "மூணு குழிய நாலு தடவ சுத்தினா போதும்."

அளியன் மறுபடியும் அவள் தட்டில் கிழங்கு வைத்தார்.